சாமையும் குச்சிக்கிழங்கும்

உலகமயமாதல் என்னும் சொல் இந்நாளில் பள்ளிப் பிள்ளைகளின் கட்டுரை ஏட்டிலும் இடம்பெற்றுவிட்டது. அச்சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் சிலருக்குக் கைப்பேசி நினைவுக்கு வரும். சிலருக்கு அயல்நாட்டுக் குளிர்பானம். வேறு சிலருக்கு வளைகுடா நாட்டில் உழைக்கும் மகனோ மகளோ. நமக்கோ குச்சிக்கிழங்குதான் நினைவுக்கு வருகிறது. நகைக்க விரும்புவோர் நகைக்கலாம். மரவள்ளிக்கிழங்கு என்று நூல்கள் கூறும் இக்கிழங்கைச் சேலம், நாமக்கல் பகுதி மக்கள் குச்சிக்கிழங்கு என்றே அழைக்கின்றனர். இது கொல்லிமலைக்கு ஏறிய வரலாற்றையும், ஏறியபின் அம்மலையில் நிகழ்ந்தவற்றையும் சற்றே ஊன்றி நோக்கினால், உலகம் ஒரு சிற்றூரின் அடுக்களைக்குள் எவ்வழியாக நுழைகிறது என்பது புலப்படும்.

கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்தில் பரந்துகிடப்பது கொல்லிமலை. காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தே மேலேற வேண்டும். வயிற்றைப் பிடித்துக்கொண்டு பேருந்தின் சன்னல் ஓரம் தேடுவோர் பலரை அவ்வழியில் நாம் கண்டதுண்டு. கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய வல்வில் ஓரி ஆண்ட மலை இது. கொல்லிப்பாவையும் சங்கப் பாடல்களில் இடம்பெற்றவளே. இன்று அங்கு வாழ்வோருள் மிகப் பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடியினர். இவர்களைக் கேரளத்தார் என்று மயங்கற்க. இவர்கள் பேசுவது தமிழே. தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்து மலையேறினர் என்பது அவர்கள் வழிவழியாகக் கூறிவரும் செய்தி. அவர்தம் ஊர்த்தொகுதிகள் நாடுகள் எனப்படும். வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, சேலூர் நாடு, குண்டூர் நாடு என அப்பெயர்கள் நீளும்.

இம்மக்களின் பழைய உணவு சாமை, தினை, கேழ்வரகு, பனிவரகு ஆகியவையாகும். பள்ளங்களின் ஈரநிலத்தில் நெல்லும் விளைந்தது, சரிவுகளிலோ சிறுதானியமே. சாமை என்று நாம் ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். மலைப் பெண்டிரோ மல்லியச்சாமை, கட்டவெட்டிச்சாமை, திருகுலாச்சாமை, பெருஞ்சாமை என்று பிரித்தறிவர். முந்தி விளைவது எது, பிந்தி விளைவது எது, எந்தச் சரிவுக்கு எது பொருந்தும், மழை தவறிய ஆண்டில் எதை நம்பலாம் என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். சாமையோடு அவரையும் கடுகும் கலந்து விதைப்பர். அறுவடையானதும் நல்ல கதிர்களைத் தெரிந்தெடுத்து உலர்த்தி, தொம்பை என்னும் குதிரில் இட்டுக் காப்பதும் பெண்களின் பொறுப்பே. விதையற்றுப்போன வீட்டார் அண்டை வீட்டில் வாங்குவர். விளைந்தபின் சற்றுக் கூட்டியே திருப்பித் தருவர். இதற்கு ஏடும் இல்லை, கையொப்பமும் இல்லை.

இவ்வளவில் நிறுத்திவிட்டு, "அந்தோ, தூய பழம்பண்பாடு அயலாரால் அழிந்ததே!" என்று புலம்பினால் கட்டுரை எளிதில் முடிந்துவிடும். ஆனால் உண்மை அவ்வளவு எளியதன்று. தமிழர் தம் உயிர்ப்பண்டமெனக் கருதும் கேழ்வரகு, ஆப்பிரிக்காவின் கிழக்கு மேட்டுநிலங்களில் முதன்முதல் பயிரானது. குறிஞ்சி நிலத்தின் கருப்பொருளாக நாம் போற்றும் தினையும், பனிவரகும் சீன நாட்டின் வடபகுதியில் மிகப் பழங்காலத்திலேயே பயிரிடப்பட்டவை. சாமை ஒன்றுதான் இம்மண்ணிலேயே பயிராகப் பழகியது. மிளகாய் அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்த்துகீசியர் வழியாக வந்தது. இன்று கொல்லிமலையின் அடையாளமாகிவிட்ட அன்னாசியும் தென் அமெரிக்கத்ததே. அங்குள்ள காப்பிச் செடியின் தாயகம் எத்தியோப்பியா. அம்மலையில் மிளகுக்கொடியைத் தாங்கி நிற்கும் சில்வர் ஓக் மரமோ ஆஸ்திரேலியாவினது. மிளகு ஒன்று நம் மலைகளுக்கு உரியது. அதைத் தேடித்தான் உலகமே நம் கரைக்கு வந்தது! ஆகவே, தொலைவிலிருந்து ஒரு பொருள் வந்தது என்பதற்காகவே அதனைக் குறைகூறுதல் பொருந்தாது. கேழ்வரகு விதையாக வந்தது. வந்தபின் அது விதைத்தவர் கையிலேயே நின்றது. எதை விதைப்பது, எவ்வளவு உண்பது, எவ்வளவு சேமிப்பது என்று முடிவு செய்தவர் அந்த வீட்டார். குச்சிக்கிழங்கின் வருகையில் மாறியது இதுவே என்பது நம் கருத்து.

இக்கிழங்கின் தாயகம் தென் அமெரிக்கா. பிரேசில் நாட்டை ஆண்ட போர்த்துகீசியர் 17ஆம் நூற்றாண்டில் இதனை மலையாளக் கரைக்குக் கொண்டுவந்தனர். 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராசா, பஞ்சம் தீர்க்கும் பயிரெனக் கண்டு இதனைத் தம் நாட்டில் பரப்பினார். ஏழைகளின் பசியாற்றிய கிழங்கு என்னும் நற்பெயர் அதற்கு உண்டு.

சேலத்தில் அதன் கதை வேறு. இரண்டாம் உலகப் போரில் 1942இல் சப்பானியர் மலேயாவையும் ஜாவாவையும் கைப்பற்றினர். அங்கிருந்து வந்துகொண்டிருந்த மாவுச்சத்தும் ஜவ்வரிசியும் நின்றுபோயின. அந்தத் தட்டுப்பாட்டில், 1943இல் மாணிக்கம் செட்டியார் என்னும் வணிகரும், மலேயாவில் இத்தொழிலைக் கண்டறிந்திருந்த போபட்லால் ஷா என்பவரும் சேலத்தில் மரவள்ளிக்கிழங்கிலிருந்து ஜவ்வரிசி செய்யத் தொடங்கினர். முன்னர் வந்த ஜவ்வரிசி, தென்கிழக்காசியத் தீவுகளில் வளரும் ஒருவகைப் பனையின் சோற்றிலிருந்து எடுக்கப்பட்டது. ஜவ்வரிசி என்னும் பெயரிலேயே ஜாவாத் தீவு ஒளிந்திருக்கிறது என்று கூறுவாரும் உளர். எங்கோ நடந்த போர் ஒன்று சேலத்து ஆலைகளுக்கு வித்திட்டது. 1981இல் ஆலையாளர்களின் கூட்டுறவுச் சங்கமும் அமைந்தது. இன்று இந்திய ஜவ்வரிசியில் மிகப் பெரும்பகுதி சேலத்தைச் சூழ்ந்த ஆலைகளில் உருவாவதே. 2023இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது.

இவ்வளவு ஜவ்வரிசியை உண்பவர் யார்? பாயசத்துக்கு ஒரு கைப்பிடி இடும் தமிழர் அல்லர். மராட்டியத்திலும் குசராத்திலும் மத்தியப் பிரதேசத்திலும் ஏகாதசி, நவராத்திரி முதலிய விரத நாள்களில் தானியம் விலக்குவோர், ஜவ்வரிசியை வேர்க்கடலையோடு தாளித்து உண்பர். தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் நம் இல்லங்களில் மீன்குழம்பு மணப்பது போன்றதே இதுவும் என்று ஒரு நண்பர் குறும்பாகக் கூறுவார். அஃது எவ்வாறாயினும், கொல்லிமலையில் ஒரு குடும்பம் சாமையை விட்டுக் கிழங்கை நடுவதற்கும், மும்பையில் ஒரு தாய் விரதம் நோற்பதற்கும் நேரான தொடர்பு உண்டு. அவ்விருவரும் ஒருவரையொருவர் என்றும் காணப்போவதில்லை.

மலைமக்கள் ஏன் கிழங்குக்கு மாறினர்? பணப்பயிரின் ஆசை என்று நகரத்தார் ஒரே சொல்லில் தீர்ப்புக் கூறிவிடுகின்றனர். நாம் மலையில் சில வீடுகளின் திண்ணையில் அமர்ந்து கேட்டறிந்தது வேறு. அறுபதைக் கடந்த அம்மையார் ஒருவரிடம் சாமைச்சோற்றின் சிறப்பை நாம் சற்று நீளமாகவே பேசிவிட்டோம். அவர் பொறுமையோடு கேட்டிருந்துவிட்டு, "சாமி, சொல்றது சுலபம். சாமைத் தோல் லேசுல போவாது. கோழி கூவறதுக்கு முன்னாடி எந்திரிச்சு, குத்திப் புடைச்சு, மறுபடியும் குத்திப் புடைச்சு, அப்புறம்தான் உலையே வைக்கணும். எங்க அம்மா கை, எங்க கை எல்லாம் காய்ச்சுப்போனது அதுலதான்" என்றார். அவர் நீட்டிய உள்ளங்கையைப் பார்த்தபின் நாம் சாமையின் சத்துகளைப் பற்றி மேலும் பேசவில்லை.

இந்நிலையில், குத்த வேண்டாத அரிசி நியாயவிலைக் கடைக்கு வந்தது. 2011 சூன் முதல் தமிழ்நாட்டில் அது விலையின்றியே கிடைக்கிறது. சரக்குந்து மலையேறச் சாலை இருந்தது. அடிவாரத்துக்கு அப்பால் ஆலை இருந்தது. கிழங்கை நட்டுப் பத்துத் திங்களில் பிடுங்கி ஏற்றிவிட்டால் மொத்தமாகப் பணம் வரும். அப்பணத்தில் ஓட்டு வீடு எழுந்தது. நாமக்கல்லில் விடுதியில் தங்கிப் பெண் பிள்ளை கல்லூரி சென்றாள். நோயுற்றபோது மருத்துவமனைக்குச் செல்ல முடிந்தது. இவற்றையெல்லாம் இழப்பு என்று யார் சொல்ல முடியும்? உரலினின்று விடுதலை பெற்ற பெண்களைப் பார்த்து, பழைய பண்பாட்டைக் காக்கும் பொருட்டு மீண்டும் உலக்கையை எடுங்கள் என்று கூற நமக்கு நா எழவில்லை.

ஆயினும் கணக்கின் மறுபக்கமும் உண்டு. கிழங்கின் விலையை மலையில் எவரும் உறுதி செய்வதில்லை. ஆலையில் கிழங்கின் மாவுச்சத்தை அளந்து, இத்தனை பாயிண்ட் என்று கணக்கிட்டு, பாயிண்டுக்கு இவ்வளவு என்று பணம் தருவர். அந்த அளவு சரியா என்று பார்க்கும் கருவி விளைவித்தவரிடம் இல்லை. இடையில் தரகர் இருக்கிறார். ஆலைக்காரரைக் கேட்டால் அவர் கையும் கட்டுண்டே இருக்கிறது. வடநாட்டுச் சந்தை மந்தமானால் ஜவ்வரிசி தேங்கும். மக்காச்சோள மாவு மலிந்தால் மரவள்ளி மாவைக் கேட்பாரில்லை. உலகிலேயே மிகுதியாக மரவள்ளி மாவை ஏற்றுமதி செய்வது தாய்லாந்து நாடு. அதன் விலையும் இங்கே நிழலாடும். நம் உழவர் நடும் கிழங்கு வகைகளுக்குத் தாய்லாந்து என்றும் பர்மா என்றும் பெயர் வழங்குவதை எண்ணினால் வியப்புத்தான். காப்பியின் நிலையும் இதுவே. இலண்டனிலும் நியூயார்க்கிலும் நடக்கும் பேரத்தைப் பொறுத்துச் சோளக்காட்டுச் சந்தையில் கொட்டைக்கு விலை ஏறும், இறங்கும். வியட்நாமில் மிளகு அமோகமாக விளைந்தால் கொல்லிமலையில் ஒரு திருமணம் அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போகலாம்.

குருமடத்தில் நாம் பயின்ற காலத்தில், திருத்தந்தை ஆறாம் பவுல் 1967இல் வெளியிட்ட 'மக்களின் முன்னேற்றம்' என்னும் சுற்றுமடலைப் பாடமாகக் கற்றோம். வலிமை மிக்கவரும் வலிமையற்றவரும் கூடிச் செய்யும் வணிகத்தில், இருவரும் ஒப்பினர் என்பதாலேயே அது நீதியாகிவிடாது என்று அவர் அதில் விளக்கியிருந்தார். அப்போது அதனைத் தேர்வுக்குரிய செய்தியாகவே கற்றோம். பாயிண்ட் கணக்குச் சீட்டை எழுத்துக்கூட்டிப் படிக்கும் ஓர் உழவரின் அருகே அமர்ந்தபோதுதான் அதன் முழுப்பொருளும் தெளிவாயிற்று.

பொருள்கள் மட்டுமா பயணம் செய்கின்றன? பூச்சிகளும் செய்கின்றன. மரவள்ளியின் தாயகமாகிய தென் அமெரிக்காவிலேயே தோன்றிய மாவுப்பூச்சி ஒன்று 1970களில் ஆப்பிரிக்காவுக்குத் தாவி, கிழங்கையே நம்பி வாழும் பல நாடுகளின் உணவைக் குலைத்தது. அப்பூச்சிக்கு இயற்கையில் பகை எது என்று தேடியவர்கள், 1981இல் பராகுவே நாட்டில் ஒரு நுண்ணிய குளவியைக் கண்டனர். அனகைரஸ் லோபெசி என்பது அதன் பெயர். சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ஹான்ஸ் ஹெரென் என்னும் அறிஞர் தலைமையில் அது ஆப்பிரிக்கா எங்கும் விடப்பட்டு, மாவுப்பூச்சியை அடக்கியது. அதே மாவுப்பூச்சி 2020இல் கேரளத்தில் காணப்பட்டது. விரைவில் சேலம், நாமக்கல் மாவட்டங்களின் வயல்களையும் பற்றியது. நுனி சுருண்டு, கணு குறுகி, செடி குட்டையாகிப் பூங்கொத்துப்போல் நின்ற காட்சியை நம் உழவர் மறந்திருக்க மாட்டார்கள். முடிவில் மேற்கு ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து அக்குளவி வரவழைக்கப்பட்டு, 2022 மார்ச்சில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் முதன்முதலாக வயலில் விடப்பட்டது. பராகுவேயில் கண்டெடுத்த ஒரு சிறு உயிர், ஆப்பிரிக்கா வழியாக வந்து சேலத்து உழவனைக் காக்கிறது! உலகத் தொடர்பு தீமையையே கொண்டுவரும் என்று சாதிப்போருக்கு நாம் இக்குளவியைக் காட்டுவதுண்டு. தொடர்பே இல்லாதிருந்தால் பூச்சியும் வந்திராதே என்று அவர்கள் திருப்பிக் கேட்பதும் உண்டு.

மனிதரும் வந்தனர், சென்றனர். சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெசி பிராண்ட் என்னும் ஆங்கிலேயர், பாப்டிஸ்து சபையைச் சார்ந்தவர், மனைவி எவெலினோடு கொல்லிமலையில் குடியேறி, மருத்துவமும் கல்வியும் வழங்கிவந்தார். 1929இல் காய்ச்சலுக்கு இரையாகி அம்மலையிலேயே மடிந்தார். எவெலின் அம்மையார் முதுமையிலும் மலைமக்களை விட்டு நீங்காமல் 1974 வரை வாழ்ந்தார். 1914இல் கொல்லிமலையில் பிறந்த அவர்கள் மகன் பால் பிராண்ட், வேலூரில் தொழுநோயாளரின் முடங்கிய கைகளை அறுவை மருத்துவத்தால் இயங்கச் செய்து உலகப் புகழ் பெற்றார். நம் சபையைச் சாராதவர் எனினும் இவர்களை வணக்கத்தோடு நினைவுகூர்தல் தகும்.

கிழங்குக்குத் திரும்புவோம். பெண்கள் கையிலிருந்த ஒன்று மெல்ல நழுவிவிட்டதே பெரிய மாற்றம் என்று நமக்குத் தோன்றுகிறது. சாமைக்கு விதை வேண்டும். அதைத் தெரிந்து காத்தவள் பெண். கிழங்குக்கு வேண்டுவது வெட்டி நடும் குச்சி. தானியம் வீட்டுக்குள் வந்தது. அளந்து கொடுத்தவள் அவள். கிழங்கோ காட்டிலிருந்து நேரே வண்டியேறுகிறது. பணத்தை வாங்குபவர் ஆண். அப்பணம் வீடு வந்து சேரும் வழியில் மதுக்கடை ஒன்றும் இருக்கிறது என்பதை நம் பங்குத் தாய்மார்களுக்கு நாம் எடுத்துச்சொல்ல வேண்டியதில்லை. விதைக்கும் பழக்கம் நின்றால் விதையின் பெயரும் மறையும். அந்த அம்மையாரின் பேத்தி பன்னிரண்டாம் வகுப்பில் தாவரவியல் பயில்கிறாள்; ஒளிச்சேர்க்கையைத் தடையின்றி விளக்குகிறாள். மல்லியச்சாமையையும் கட்டவெட்டிச்சாமையையும் அருகருகே வைத்தால் அவளுக்கு வேறுபாடு தெரியவில்லை. பாட்டிக்கோ இருளிலும் விரலால் தடவியே தெரியும். ஒருவரின் அறிவைப் பெற மற்றவரின் அறிவை இழந்தே ஆகவேண்டுமா என்னும் கேள்வி நம்மை நெடுநேரம் வருத்தியது.

இதனை உணர்ந்து உழைத்தோரும் உளர். அதிக விளைச்சல் தரும் கோதுமையையும் நெல்லையும் நாடெங்கும் பரப்புவதில் முன்னின்ற அறிஞர் எம்.எஸ். சுவாமிநாதன் (2023இல் மறைந்தார்), 1988இல் சென்னையில் நிறுவிய ஆராய்ச்சி நிறுவனம், 1990களில் கொல்லிமலைக்குச் சென்று சிறுதானியங்களைக் காக்கும் பணியைத் தொடங்கியது. பசுமைப் புரட்சியின் தந்தை எனப்பட்டவர் சாமையைத் தேடி மலையேறியது நமக்கு வியப்பளித்தது. ஊருக்கு ஊர் விதை வங்கிகள் அமைந்தன. அதனினும் மேலாக, தோல் நீக்கும் இயந்திரங்கள் வந்தன. உலக்கையின் துன்பத்தை நீக்காமல் சாமையைக் காக்க இயலாது என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். பெண்கள் குழுக்களாகச் சேர்ந்து மாவும் அரிசியுமாகப் பக்குவப்படுத்தி நகருக்கு விற்கவும் தொடங்கினர்.

பின்னர் உலகமே சிறுதானியத்தின் பக்கம் திரும்பியது. இந்தியா முன்மொழிந்ததை ஏற்று 2021இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை தீர்மானித்தபடி, 2023ஆம் ஆண்டு பன்னாட்டுச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடப்பட்டது. இன்று நகரக் கடைகளில் சாமை அழகிய பொதிகளில் அடுக்கப்பட்டிருக்கிறது. சர்க்கரை நோயாளர் தேடி வாங்குகின்றனர். மலையில் சாமை உண்டவர் விலையில்லா அரிசி உண்கிறார். அரிசி உண்ட நகரத்தார் விலை மிகுந்த சாமை உண்கிறார். இதிலும் ஓர் அச்சம் நமக்கு உண்டு. கிழங்கைப்போலவே சாமையும் நகரத்தார் விருப்பத்தை நம்பி நிற்கும் பண்டமாகிவிட்டால், அவர்கள் நாக்கு வேறு பக்கம் திரும்பும் நாளில் மலையில் நிலை என்ன? உண்பதற்கென்று விளைந்த பயிருக்கு அந்தக் கவலை இருந்ததில்லை.

அந்த அம்மையாரின் மருமகளிடம் இதனைக் கேட்டோம். நகரத்து விருப்பம் பற்றி அவர் கருத்து ஒன்றும் கூறவில்லை. இரண்டு ஆண்டுகளாகக் கிழங்குக் காட்டின் மேற்சரிவில் கொஞ்சம் ஒதுக்கிச் சாமை விதைப்பதாகவும், அதை விற்பதில்லை என்றும் கூறினார். விதை, மாமியார் காத்துவைத்ததுதான். "கணக்குப் பாத்தா அந்த இடத்துலயும் கிழங்கு போட்டா காசு வரும் சாமி. ஆனா பண்டம் வீட்டுல இருந்தா ஒரு தைரியம்" என்றார். கணவருக்கு அதில் உடன்பாடில்லை. அவர் அருகில் நின்று தலையைச் சொறிந்துகொண்டிருந்தார். அன்று குழு இயந்திரத்தில் சாமையைத் தோல் நீக்குவதற்காக அரை மூட்டையைக் கட்டி வைத்திருந்தனர். இயந்திரத்தின் பட்டை அறுந்துவிட்டதாம். புதியது வாங்க நாமக்கல்லுக்கு ஆள் போயிருந்தார். மூட்டை திண்ணையிலேயே இருந்தது.